முதல் நாடகம் போடுகிறவர்களுக்கு: நாங்கள் பட்டதை நீங்கள் படவேண்டாம்

எங்கள் முதல் நாடகத்தன்று மாலை ஆறே காலுக்கும் லைட்காரர் ஏணி மேல்தான் நின்றுகொண்டிருந்தார். ஆறரைக்குக் கதவைத் திறக்கவேண்டும், வெளியே ஆட்கள் வந்துவிட்டார்கள், உள்ளே பாதி மேக்கப்போடு ஒரு நடிகர் வந்து "என் நாற்காலி எங்கே?" என்று கேட்கிறார். நாற்காலி இன்னும் வேனில் இருந்தது. மூன்று மாதமாக வசனத்துக்கும் நடிப்புக்கும் உயிரைக் கொடுத்திருந்தோம், ஆனால் அரங்கு எத்தனை மணிக்கு நம் கைக்கு வரும், லைட் கட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒருவராவது உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் தானே! அதற்கப்புறம் நான்கு நாடகம் போட்டாயிற்று. ஒவ்வொன்றிலும் ஒரு புது அடி. பெரும்பாலான அடி மேடைக்கு வெளியே, தேதியிலும் தாளிலும் பட்டதுதான்.

இவ்வளவு வம்பு எதற்கு என்றால், ஒரு சம்பவம் சொல்கிறேன். இரண்டாவது நாடகத்தில் ஒருவர் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் காட்சி. மணி அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கவில்லை, ஒலி பார்த்தவர் தப்பான பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார். நடிகர் கையைத் தொலைபேசிக்கு அரை அடி மேலே நீட்டியவர் அப்படியே நிறுத்திவிட்டார். ஐந்து விநாடி, ஆறு விநாடி. கூட்டத்தில் ஒருவர் சிரிக்க, அது வரிசை வரிசையாகப் பரவி, கடைசியில் மணி அடித்தபோது அரங்கமே கைதட்டியது. மறுநாள் அதையே வேண்டுமென்று செய்து பார்த்தோம். ஒரு சிரிப்புகூட வரவில்லை. முதல் நாள் வந்த 140 பேரும் அந்த நடிகரும் சேர்ந்து செய்த காரியம் அது, வேறு கூட்டத்திடம் அதை எடுத்துப்போய் நீட்ட முடியாது. படம் எடுத்தால் நல்ல டேக்கை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடலாம். மேடையில் அந்த வசதி இல்லை, மேடையில் இருக்கும் ஆபத்து படத்தில் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் நிம்மதியாக நடக்கவேண்டும் என்றால் கீழே உள்ளதையெல்லாம் முன்கூட்டியே முடித்து வையுங்கள்.

1. நாடகத்தைத் தேடும் முன் ஆட்களை எண்ணுங்கள்

பிடித்த நாடகத்தை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் ஆள் தேடுவது தான் எல்லோரும் செய்வது. பதினான்கு பாத்திரம் இருக்கும், உங்களிடம் ஒழுங்காக வரக்கூடியவர்கள் ஆறு பேர் இருப்பார்கள். "வருகிறேன்" என்று சொல்பவர்களை எண்ணாதீர்கள், வாரத்துக்கு மூன்று நாள் மூன்று மாதம் வரமுடியும் என்று தேதியைப் பார்த்துச் சொல்பவர்களை எண்ணுங்கள். முதல் நாடகத்துக்கு ஐந்தாறு பாத்திரம், ஒரே இடத்தில் நடக்கும் கதை, எண்பது தொண்ணூறு நிமிடம், இது போதும். இடைவேளை விட்டால் அதற்கே கால் மணி நேரம் போகும், கூட்டத்தைத் திரும்ப உட்கார வைப்பதும் ஒரு வேலை.

இன்னொன்று: நடிக்காதவர்கள் மூன்று பேராவது வேண்டும். மேடை நிர்வாகி (காட்சி நடக்கும்போது எல்லாவற்றையும் ஓட்டுபவர்) ஒருவர், பணம் பார்க்க ஒருவர், வாசலும் டிக்கெட்டும் பார்க்க ஒருவர். இயக்குநரே இந்த மூன்றையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் கடைசி வாரம் அவர் இயக்குவதை விட்டுவிட்டு ரசீது தேடிக்கொண்டிருப்பார். நானே தேடியிருக்கிறேன்.

2. உரிமை: வாய்ச்சொல் போதாது

நாடகத்தை எழுதியவர் இருக்கிறாரோ இல்லையோ, உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பெர்ன் உடன்படிக்கையில் (பதிப்புரிமைக்காக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம்) சேர்ந்த நாடுகளில் எழுதியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும், பல நாடுகளில் அது 60 அல்லது 70 ஆண்டுகள். நீங்கள் மேடையேற்றும் நாட்டின் கணக்கு எது என்று பாருங்கள்.

எல்லோரும் விழும் குழி மொழிபெயர்ப்பு. மூல நாடகம் இரண்டாயிரம் ஆண்டுப் பழையதாக இருக்கலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் மொழிபெயர்ப்பை யாரோ ஒருவர் 20 ஆண்டுகளுக்கு முன் செய்திருப்பார், அதற்குத் தனி உரிமை உண்டு. சிறுகதையை நாடகமாக்கினாலும் அனுமதி வேண்டும். நாங்கள் ஒரு கதையை எடுத்து, எட்டு வாரம் ஒத்திகை பார்த்து, அப்புறம் உரிமை வைத்திருப்பவருக்கு எழுதினோம். "ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எட்டு வாரமும் போச்சு.

அனுமதிக் கடிதத்தில் இவை எழுத்தில் இருக்கட்டும்: எத்தனை காட்சிகள், எந்தத் தேதிகள், அரங்கில் எத்தனை இருக்கைகள், டிக்கெட் உண்டா இலவசமா, வசனத்தை வெட்டலாமா மாற்றலாமா, வீடியோ எடுக்கலாமா, இணையத்தில் போடலாமா. இந்தக் கடைசி இரண்டையும் மறந்துவிடுவார்கள். மேடையேற்ற அனுமதி வேறு, பதிவுசெய்து வெளியிட அனுமதி வேறு. தொகை சில சமயம் ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று இருக்கும், சில சமயம் டிக்கெட் வரவில் ஒரு பங்கு. இலவசமாகக் காட்டுகிறோம் என்பதற்காக உரிமை தானாக இலவசமாகிவிடாது.

பாட்டுக்கும் இதே கதைதான், அதில் இரண்டு அடுக்கு. மெட்டும் வரிகளும் ஒருவருடையது, நீங்கள் ஒலிபரப்பும் அந்தப் பதிவு இன்னொருவருடையது. இதில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க எளிய வழி, குழுவில் வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் புதிதாக இசையமைத்துக்கொள்வது. அவரிடமும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நண்பர்தானே என்று விடாதீர்கள். கடிதம் எழுதிப் பதில் வர ஆறு வாரம் முதல் இரண்டு மாதம் வரைகூட ஆகலாம், அதனால் ஒத்திகைக்கு முன்னாலேயே இதை ஆரம்பித்துவிடுங்கள்.

3. அரங்கு: தேதியை விட மணிக்கணக்கு முக்கியம்

அரங்கு பிடிக்கும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பது. அதைவிடப் பெரிய கேள்வி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை. நாங்கள் முதல் தடவை "பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து" என்பதைப் பார்த்துவிட்டு எட்டு மணி நேரம் இருக்கிறதே என்று மகிழ்ந்து போனோம். இரண்டு மணிக்குத்தான் கதவே திறப்பார்கள். செட்டை இறக்க ஒரு மணி நேரம், லைட் கட்ட மூன்று மணி நேரம் என்றாலே ஆறு ஆகிவிட்டது. ஒத்திகை எங்கே?

கையெழுத்துப் போடும் முன் நேரில் போய்ப் பாருங்கள். அளக்கும் டேப்பைக் கொண்டு போங்கள். மேடையின் அகலம், ஆழம், உயரம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் ஒருவர், இரண்டு ஓர இருக்கைகளிலும் ஒவ்வொருவர் உட்கார்ந்து மேடையில் எந்த மூலை மறைகிறது என்று பாருங்கள். நாங்கள் ஒரு முறை முக்கியமான காட்சியை இடது மூலையில் வைத்துவிட்டோம், இடது ஓரத்தில் இருந்த முப்பது பேருக்கு நடிகரின் முழங்கைதான் தெரிந்தது. கிரீன் ரூமிலிருந்து (நடிகர்கள் தயாராகும் அறை) மேடைக்கு வரும் வழி எது, மறுபக்கம் போகக் கூட்டத்தின் கண்ணில் படாத பாதை இருக்கிறதா, செட் உள்ளே வரும் கதவின் அகலம் என்ன என்றெல்லாம் பாருங்கள். கதவை விட அகலமான கட்டிலைச் செய்து வைத்துக்கொண்டு முழித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: முந்தைய நாள் ஒத்திகைக்கு அரங்கு கிடைக்குமா, அதற்கு முழு வாடகையா பாதியா, நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, ஏசி வாடகைக்குள் வருகிறதா, எத்தனை மணி நேரம், மின்சாரம் தனிக் கணக்கா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் மேடை லைட்டையும் தாங்குமா, அல்லது ட்யூப் லைட்டுக்கு மட்டுமா, லைட்டும் ஒலியும் அவர்கள் ஆள்தான் இயக்க வேண்டுமா, தரையில் ஆணி அடிக்கலாமா, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், நாம் ரத்து செய்தால் என்ன, அவர்கள் ரத்து செய்தால் என்ன. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பல ஒப்பந்தங்களில் ஒரு பக்கம் மட்டும்தான் பதில் இருக்கும். மறுபக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

நல்ல அரங்குகளில் வார இறுதி நாள்கள் ஐந்தாறு மாதத்துக்கு முன்பே போய்விடும். வியாழன், வெள்ளி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், வாடகையும் குறைவாக இருக்க வாய்ப்புண்டு.

4. அனுமதிகளும் ஒரு கோப்பும்

இது ஊருக்கு ஊர் மாறும். பொதுவாகக் கேட்கப்படுபவை: பொது நிகழ்ச்சிக்கான அனுமதி (உள்ளாட்சி அல்லது காவல்துறை), டிக்கெட் விற்றால் அதற்கான வரி, ஒலிபெருக்கி அனுமதி, தீயணைப்புத் துறைக்குத் தகவல். சில இடங்களில் ஸ்கிரிப்டின் பிரதியை முன்கூட்டியே கேட்பார்கள். அரங்கு மேலாளரிடம் "போன மாதம் நாடகம் போட்டவர்கள் என்னென்ன தாள் கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள். அலுவலகம் அலுவலகமாக அலைவதை விட இது வேகமான வழி, எங்களுக்கு இரண்டு வாரம் மிச்சமாயிற்று.

ஒரே கோப்பில் எல்லாவற்றையும் போடுங்கள்: உரிமைக் கடிதம், அரங்கு ஒப்பந்தம், முன்பண ரசீது, அனுமதிகள், குழுவினரின் அவசரத் தொடர்பு எண்கள், அருகிலுள்ள மருத்துவமனையின் எண், காப்பீடு எடுத்திருந்தால் அதன் நகல். காட்சியன்று அந்தக் கோப்பு மேடைக்குப் பின்னால் இருக்கவேண்டும். போனில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், அந்த நேரத்தில் போனில் சார்ஜ் இருக்காது.

அவசர வழிகளைப் பற்றி மட்டும் ஒன்று அழுத்திச் சொல்கிறேன். செட்டின் பின்புறத்தை மறைக்கக் கறுப்புத் துணி கட்டுவோம், அது ஒரு கதவின் மேலேயும் விழும், அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடுவோம். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா தியேட்டரில் மேடை விளக்கிலிருந்து திரையில் பற்றிய தீயில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பல கதவுகள் பூட்டியிருந்தன, சில திரைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன. திறந்து ஒன்றரை மாதம்கூட ஆகாத புது அரங்கு அது. கதவு கதவாகத் தெரியட்டும், செட் கொஞ்சம் அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை.

5. பணம்

தொகை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் பங்காகச் சொல்கிறேன். மொத்தச் செலவு 100 என்றால் எங்கள் கடைசி நாடகத்தில் அரங்கு (ஒத்திகை நாளும் சேர்த்து) 35, லைட்டும் ஒலியும் 20, செட்டும் உடையும் 15, உரிமை 8, போக்குவரத்தும் சாப்பாடும் 7, போஸ்டர், டிக்கெட் அச்சு 5. மீதி 10 யாரும் தொடக்கூடாத கைவசப் பணம். முதல் நாடகத்தில் இந்தப் பத்தை நாங்கள் வைக்கவில்லை. காட்சியன்று ஒரு டிம்மர் (லைட்டின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வேலை செய்யவில்லை, மாற்று கொண்டுவரச் சொன்னோம், ஒரு நடிகரின் சொந்தப் பையிலிருந்துதான் காசு போனது. அவருக்குத் திருப்பிக் கொடுக்க நான்கு மாதம் ஆயிற்று.

டிக்கெட் விலை வைக்கும் முறை: 200 இருக்கை அரங்கில் இரண்டு காட்சி என்றால் 400 இருக்கை. அதில் பாதிதான் நிரம்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 200. அதிலும் 30 இருக்கை உறவினர், நண்பர், பத்திரிகையாளர் என்று ஓசியில் போகும். மீதி 170. மொத்தச் செலவை 170ஆல் வகுங்கள், வருவதுதான் கைக்காசு போகாமலிருக்க வைக்கவேண்டிய விலை. அந்த விலைக்கு ஆட்கள் வரமாட்டார்கள் என்று தோன்றினால் செட்டைக் குறையுங்கள், பாதி நிரம்பும் என்ற எண்ணைக் கூட்டாதீர்கள். கணக்குச் சரியாக வரவேண்டும் என்பதற்காக அதை முக்கால் ஆக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்.

6. ஒத்திகை

நாடகக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒத்திகையில் ஒரு மணி நேரம். 90 நிமிட நாடகத்துக்கு 90 மணி நேரம். வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் பத்து வாரம். இரண்டு வாரம் கூடுதலாகப் போட்டுப் பன்னிரண்டு என்று வையுங்கள், ஏனென்றால் யாருக்காவது காய்ச்சல் வரும், யார் வீட்டிலாவது திருமணம் வரும்.

முதல் வாரம் உட்கார்ந்து வாசிப்பு மட்டும். யாரும் நடிக்க வேண்டாம். வாய்க்குள் நுழையாத வசனம் எது, ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறோமா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் யார் எங்கிருந்து வருவது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்ற நடமாட்டம், இதற்கு மூன்று வாரம். ஆறாவது வாரத்தின் முதல் நாளிலிருந்து கையில் தாள் கூடாது. இந்தத் தேதியை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். அந்த வாரம் நாடகம் படுமோசமாக இருக்கும், வசனம் நினைவில்லாமல் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள், இயக்குநருக்கு அழுகை வரும். பயப்படாதீர்கள், எல்லாக் குழுவுக்கும் அப்படித்தான். தாளை விடாத நடிகரின் கண் தாளில்தான் இருக்கும், எதிரே நிற்பவரைப் பார்க்காது.

எங்கள் பெரிய முட்டாள்தனம் ஒத்திகை அறையில் நடந்தது. ஐந்து மீட்டர் அகல அறையில் பயிற்சி செய்தோம், அரங்கின் மேடை ஒன்பது மீட்டர். ஒரு காட்சியில் மகன் வாசலிலிருந்து அம்மாவின் நாற்காலிவரை வருவான், வரும்போதே பேசுவான். அறையில் நாலு எட்டு, வசனமும் நடையும் ஒன்றாக முடியும். மேடையில் பாதி வழியிலேயே வசனம் தீர்ந்துவிட்டது, மீதி தூரத்தை அவர் வாயை மூடிக்கொண்டு நடந்தார், செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நாடகத்திலிருந்து அரங்கின் அளவைத் தரையில் டேப் ஒட்டி வைத்துக்கொண்டுதான் ஒத்திகை. அறை சின்னதாக இருந்தால் வெளியே திறந்தவெளிக்குப் போய் வாரம் ஒரு தடவையாவது முழு அளவில் நடந்து பாருங்கள்.

கடைசி மூன்று வாரம் முழு ஓட்டம், நிறுத்தாமல். யார் தடுமாறினாலும் அவர்களே சமாளித்துப் போகவேண்டும், இயக்குநர் குறிப்பு எழுதலாம், வாயைத் திறக்கக்கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம் குறித்து வையுங்கள். ஒத்திகையில் 84 நிமிடம் ஓடிய எங்கள் நாடகம் கூட்டத்தின் முன்னால் 92 ஆயிற்று, சிரிப்பும் கைதட்டலும் நேரம் எடுக்கும். அரங்கு நேரம் தாண்டினால் அபராதம் என்று ஒப்பந்தம் இருக்கும்போது அந்த எட்டு நிமிடம் சின்ன விஷயமில்லை. அப்புறம், உங்களைத் தெரியாத நாலைந்து பேரைக் கடைசி வார ஓட்டத்துக்குக் கூப்பிடுங்கள். பத்து வாரமாகக் கேட்டுக் கேட்டு நமக்குப் புளித்துப்போன நகைச்சுவைக்கு அவர்கள் சிரிப்பார்கள். நாம் பெரிதாக நினைத்த இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

7. மேடை நிர்வாகியும் அவருடைய நோட்டும்

நல்ல நடிகர் கிடைப்பதை விட நல்ல மேடை நிர்வாகி கிடைப்பது கஷ்டம். காட்சி ஆரம்பித்த பிறகு இயக்குநருக்கு மேடையில் வேலையில்லை, எல்லாம் இவர் கையில். ஒரு பெரிய நோட்டில் வலப்பக்கம் ஸ்கிரிப்ட், இடப்பக்கம் வெற்றுத்தாள். எந்த வார்த்தையில் லைட் மாறும், எந்த அசைவில் மணி அடிக்கும், யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், கடைசி நாள்வரை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு எண்.

சொல்லும் முறையும் ஒன்றாக இருக்கட்டும். "லைட் 12, தயார்" என்று முதலில். அப்புறம் சரியான இடத்தில் "லைட் 12, போ." இந்தப் 'போ' என்ற சொல்லை மேடை நிர்வாகியும் லைட், ஒலிக்காரர்களும் காதில் மாட்டிப் பேசும் ஹெட்செட்டில் வேறு எதற்கும் யாரும் பயன்படுத்தக்கூடாது. எங்கள் ஆள் பக்கத்தில் வந்தவரிடம் "அந்தப் பக்கம் போ" என்று கிசுகிசுத்தார், லைட்காரர் விசுவாசமாக மேடையை இருட்டாக்கினார்.

8. லைட், ஒலி, மேடைப் பொருள்கள்

லைட் அதிகம் வேண்டாம். முகம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தலைக்கு நேர் மேலே ஒரு விளக்கு மட்டும் போட்டால் கண் இருந்த இடத்தில் இரண்டு குழி தெரியும். முன்னாலிருந்து இரு பக்கமும் சுமார் 45 பாகையில் வந்தால் முகம் முகமாக இருக்கும். மின்சாரக் கணக்கைக் கேளுங்கள்: 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும், 15 ஆம்பியர் லைனில் மூன்றுக்கு மேல் போட்டால் ஃபியூஸ் போகும். எல்ஈடி விளக்குகளில் இந்தத் தொல்லை குறைவு. புகை இயந்திரம் வைக்க ஆசைப்பட்டால் முதலில் அரங்கின் தீ எச்சரிக்கைக் கருவியைப் பற்றிக் கேளுங்கள். ஒரு குழுவின் உச்சகட்டக் காட்சியில் அலாரம் அலறி, பார்வையாளர்கள் அதுவும் நாடகம் என்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காலி அரங்கில் குரல் எதிரொலிக்கும், அதை நம்பாதீர்கள். ஆட்கள் நிரம்பினால் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிவிடும், அதே குரல் பின்வரிசைக்குப் போகாது. ஒத்திகையிலேயே ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துக் கேட்கவில்லை என்றால் கை தூக்கச் சொல்லுங்கள். வயர்லெஸ் மைக் என்றால் ஒவ்வொரு காட்சிக்கும் புது பேட்டரி. நேற்றுப் பாதிதான் தீர்ந்தது என்ற சிக்கனமெல்லாம் இங்கே செல்லாது.

மேடைப் பொருள்களுக்கு ஒரு மேசை. அதன் மேல் தாள் விரித்து ஒவ்வொரு பொருளுக்கும் கட்டம் வரைந்து பெயர் எழுதுங்கள்: கடிதம், மூக்குக் கண்ணாடி, டார்ச். காட்சிக்கு முன் காலியாக ஒரு கட்டம் இருந்தால் உடனே தெரிந்துவிடும். கூர்மையான உண்மைக் கத்தி கூடாது. துப்பாக்கி பொம்மையாகவே இருந்தாலும் அரங்குக்கும் காவல்துறைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

9. டெக்னிக்கல் ஒத்திகையைத் தியாகம் செய்யாதீர்கள்

பணம் குறைந்தால் எல்லோரும் முதலில் வெட்டுவது இந்த ஒத்திகைக்கான முந்தைய நாள் அரங்கு வாடகையை. செட்டையே வேண்டாமென்று விட்டாலும் விடுங்கள், இதை வெட்டாதீர்கள். முதலில் நடிப்பில்லாமல், லைட், ஒலி மாறும் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவித் தாவிப் போகவேண்டும். நடிகர்கள் மணிக்கணக்காகச் சும்மா நிற்பார்கள், எரிச்சல்படுவார்கள், அன்று யாரும் நடிப்பைப் பற்றிப் பேசவேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். 40 மாற்றங்கள் உள்ள நாடகத்துக்கு எங்களுக்கு நான்கு மணி நேரம் பிடித்தது. இருட்டில் செட் மாற்றுவதை மட்டும் தனியாக மூன்று தடவை செய்து பாருங்கள். பார்வையாளருக்கு இருட்டில் பதினைந்து விநாடி என்பது ஒரு யுகம். நாற்காலி, மேசை வைக்கும் இடத்தில் தரையில் சின்னதாக ஒளிரும் டேப் ஒட்டுங்கள். அதற்கப்புறம் உடை, மேக்கப்போடு ஒரு முழு ஓட்டம். சட்டை மாற்ற இருபது விநாடி போதும் என்று நினைத்த இடத்தில் பட்டன் ஒன்பது இருக்கிறது என்பது அன்றுதான் தெரியும்.

10. டிக்கெட்டும் ஆள் சேர்ப்பதும்

ஆறு வாரத்துக்கு முன் தேதியை அறிவியுங்கள், மூன்று வாரத்துக்கு முன் விற்பனை. கடைசி வாரத்தில்தான் பாதி டிக்கெட் போகும், அதுவரை பதறவேண்டாம். இணையத்தில் விற்றால் தளத்துக்குப் போகும் கழிவையும், பணம் எப்போது உங்கள் கணக்குக்கு வரும் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் காட்சி முடிந்துதான் வரும், அரங்குக்கு மீதிப்பணமோ முன்னாலேயே கட்டவேண்டும். இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்ட குழுக்கள் நிறைய.

ஒவ்வொரு நடிகரும் பத்துப் பேரை நேரில் கூப்பிட்டால் போஸ்டரை விட அதிகம் வருவார்கள். ஆனால் முதல் வரிசை முழுக்க உறவினர்களை உட்காரவைக்காதீர்கள், அவர்கள் தங்கள் பிள்ளை வந்தால் மட்டும் கைதட்டுவார்கள்.

11. காட்சியன்று

அரங்கு கைக்கு வந்ததும் முதலில் லைட், அப்புறம் செட். செட் நடுவில் நின்றால் ஏணி போடமுடியாது. கதவு திறப்பதற்கு அரை மணி முன்னால் மேடையில் எல்லா வேலையும் நின்றுவிடவேண்டும். நேரத்தை ஒருவர் மட்டும் அறிவிக்கட்டும்: அரை மணி, கால் மணி, ஐந்து நிமிடம். கேட்டவர்கள் பதில் சொல்லவேண்டும், பதில் வராவிட்டால் அந்த ஆள் இன்னும் பாத்ரூமில் இருக்கிறார் என்று அர்த்தம்.

பத்து நிமிடம் வரை தாமதிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களைத் தாமதமாக வருபவர்களுக்காகக் காக்கவைப்பது அநியாயம். தாமதமாக வருபவர்களை எந்தக் காட்சி முடிவில் உள்ளே விடுவது என்று வாசலில் நிற்பவருக்கு எழுதிக் கொடுங்கள்.

ஏதாவது தவறும். கட்டாயம் தவறும். கதவு திறக்காது, ஒருவர் இரண்டு பக்கத்தைத் தாண்டிப் பேசிவிடுவார். ஸ்கிரிப்டைத் தெரியாத கூட்டத்துக்கு அது தவறு என்றே தெரியாது, நடிகரின் முகம் காட்டிக்கொடுத்தால் ஒழிய. அதனால் கடைசி வார ஓட்டங்களில் ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு பொருளை ஒளித்து வையுங்கள், எப்படிச் சமாளிக்கிறார்கள் பார்க்கலாம். கையில் டார்ச் ஒன்று எப்போதும் மேடை நிர்வாகியிடம்.

12. முடிந்த அன்றே, மறுநாள் இல்லை

கைதட்டல் முடிந்ததும் எல்லோரும் போட்டோ எடுக்கப் போய்விடுவார்கள். அரங்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும். நடிகர்களுக்கு இருபது நிமிடம் கொடுங்கள், அப்புறம் எல்லோரும், கதாநாயகனும்தான், செட்டைப் பிரிக்க வரவேண்டும். வாடகைக்கு வாங்கியது, இரவல் வாங்கியது, சொந்தம் என்று மூன்று குவியல். இரவல் பொருள் மறுநாளே திரும்பிப் போகட்டும், அடுத்த தடவையும் கேட்கவேண்டியிருக்கும்.

ஒரு வாரத்துக்குள் கணக்கை எழுதி, லாபமோ நஷ்டமோ, குழுவில் எல்லோருக்கும் அனுப்புங்கள். உரிமைக்காரருக்கு டிக்கெட் வரவில் பங்கு என்றால் அந்தக் கணக்கின் நகலும் போகவேண்டும். அரங்கைவிட்டுக் கிளம்பும் முன் மேலாளரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்து, சேதம் எதுவும் இல்லை என்று எழுதி வாங்குங்கள். முதல் தடவை எங்களுக்கு டெபாசிட்டில் ஒரு பங்கு பிடித்தார்கள். காரணம் கேட்டால், மேடைத் தரையில் நாற்காலிக்கு அடையாளம் வைத்த எட்டுத் துண்டு டேப்பை யாரும் உரிக்கவில்லையாம்.